முன்படியில் ஒரு சோடிச் சப்பாத்து

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், டன்கோர்ன் தோட்டத்துத் துரை பங்களாவின் முன்வாசலில், தன் கடைசிப் படியை ஏறவிருந்தது. இது அலோசியஸ் அதிபரின் கருத்து. பூசை முடிந்து வந்த கையோடு குசினி வாசலில் நின்று குடும்பத்தாருக்கு அவர் இதை அறிவித்தார். அறிவித்து முடிப்பதற்குள், வேனின் பின்சக்கரத்தில் காற்று இல்லை என்று வெளியிலிருந்து வேன்காரர் சரிபுதீன் குரல் கொடுத்தார். வரலாறு பம்ப் வரும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தது.

அலோசியஸ் பூண்டுலோயாப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு அதிபராகி அதிக நாள் ஆகவில்லை. அந்தக் கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு எதுவும் சாதாரணமாக நடப்பதில்லை. தும்மினால்கூட ஒரு சமூகமே தும்மியது போலச் சுற்றிலும் பார்ப்பார். பதவி கிடைத்த சந்தோஷத்துக்கு எங்காவது கூட்டிப் போங்கள் என்று மனைவி ஷிராணி கேட்டபோது, அவள் மனதில் இருந்தது நுவரெலியா டவுனில் ஒரு ஃப்ரைட் ரைஸும் ஏரியில் ஒரு படகுச் சவாரியும்தான். அலோசியஸ் மனதில் இருந்தது பங்களா.

டன்கோர்ன் பங்களாவை ஒரு கொழும்புக் கம்பெனி எடுத்து ஹோட்டலாக்கியிருந்தது. பின்னேரங்களில் அங்கே 'ஹை டீ' கொடுப்பார்கள். மூன்று தட்டு அடுக்கிய வெள்ளித் தாங்கியில் விரல் அகலச் சான்ட்விச்சும் கேக்கும் வரும், பக்கத்திலேயே பூப்போட்ட கோப்பையில் தேநீர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் அலோசியஸ் பிறந்தார். அவருடைய அப்பா சூசை, அந்தப் பங்களாவின் பூந்தோட்டக்காரர். முன்வாசல் ரோசாச் செடிகளை வாழ்நாளெல்லாம் வெட்டிவிட்ட மனிதருக்கு, அந்த வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கூப்பிட்டு ஏசுவதானாலும் குசினிப் பக்கத்துக் கதவுக்குத்தான் கூப்பிடுவார்கள். நத்தார்ப் பண்டிகை அன்றைக்கு மட்டும் லயத்துப் பிள்ளைகள் முன்படி வரை வரலாம். செருப்பு உள்ளவன் படிக்குக் கீழே கழற்றி வைக்க வேண்டும். இல்லாதவன் காலைப் புல்லில் துடைத்துக்கொள்ள வேண்டும். துரைசாணி ஆளுக்கொரு பனிஸ் ரொட்டி தருவாள்.

"அந்த வாசல் வழியா நம்ம போறோம். அந்த வாசல் வழியாவே திரும்பி வர்றோம்," என்றார் அலோசியஸ். "சப்பாத்து போட்ட காலோட."

"சரிங்க. அப்ப புது மேஸ் ஒன்னும் சேர்த்து வாங்கிக்கங்க," என்றாள் ஷிராணி. "இருக்கிற மேஸெல்லாம் நைஞ்சு போச்சு."

"சப்பாத்துக்குள்ள இருக்கிறத யாரு பார்க்கப் போறா?"

அதனால் காலுறை பழையதாகவே இருக்க, சப்பாத்து மட்டும் புதிதாக வந்தது. கறுப்பு, கூர்மூக்கு. நடந்தால் பள்ளிக்கூடத்துக் கதவு போலக் கிறீச்சிடும். பிள்ளைகள் ஓடி ஒளிய நேரம் கொடுக்கும் நல்ல சப்பாத்து.

ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் சிசிலி. அலோசியஸின் அக்கா. முழங்கால் கைவிடும்வரை டன்கோர்ன் மலையில் கொழுந்து பறித்தவர், இன்றும் அதே தோட்டத்துக் கீழ் லயத்தில் மகனோடு இருப்பவர். அவரைக் கூட்டிப் போகும் எண்ணம் அலோசியஸுக்கு இல்லை. பேராதனையில் படிக்கும் மகள் ஷாமிலா லீவுக்கு வந்திருந்ததுதான் வினையாயிற்று.

"அத்தை வராட்டி நானும் வரல்ல."

"அத்தை அங்க வந்து என்ன செய்யப் போறாங்க?"

"நீங்க என்ன செய்யப் போறீங்களோ அதத்தான். தேத்தண்ணி குடிப்பாங்க."

ஆகவே சனிக்கிழமையே சிசிலி வரவழைக்கப்பட்டார். அன்று மாலை வீட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. அலோசியஸ் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் காணொளியை ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி, பிரம்பு இல்லாத குறைக்குக் கரண்டியால் சுட்டிக்காட்டினார். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போக வேண்டும். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கக் கூடாது. சோசரில் ஊற்றி ஊதக் கூடாது.

"அக்கா, சீனியக் கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிக்கக் கூடாது."

"அங்க சீனி குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. கோப்பையில போட்டுக் கலக்கணும். சத்தமில்லாம."

"கலக்கிட்டா இனிப்பு எங்க இருக்குன்னு நாக்குக்கு எப்பிடிடா தெரியும்?"

ஷாமிலா சிரித்தாள். அலோசியஸ் சிரிக்கவில்லை. காணொளிக்காரி சின்ன விரலை நீட்டாமல் மடக்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்னு. செருப்பக் கழட்டாதீங்க."

இதற்கு மட்டும் சிசிலி உண்மையாகவே பயந்துபோனார். "பங்களாவுக்குள்ள செருப்போடயா?"

"அங்க யாரும் கழட்ட மாட்டாங்க. நீங்க கழட்டுனீங்கன்னா அந்த இடத்துலயே நம்ம யாருன்னு தெரிஞ்சு போயிரும்."

"தெரிஞ்சா என்னடா?"

அலோசியஸ் இந்தக் கேள்வியைப் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதாகக் கருதி விட்டுவிட்டார். "கடைசியா ஒன்னு. உள்ள போனதுக்கப்புறம் எங்கிட்ட ஒன்னும் பேச வேணாம். என்னத்தப் பார்த்தாலும் சரி, என்ன நடந்தாலும் சரி. வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

சிசிலி தலையாட்டினார். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று அன்றன்றைய உத்தரவை வாங்கி மலையேறியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை.

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது, மூட்டம் விடவில்லை. புதுச் சப்பாத்து காலைக் கடித்ததால் அலோசியஸ் வேனிலேயே லேஸைத் தளர்த்தியிருந்தார். சரிபுதீன் வேனைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். முன்படி அதே முன்படிதான். அதே சிவப்பு பாலிஷ், அதே மினுக்கம். பித்தளைப் பொத்தான் கோட்டும் வெள்ளைச் சாரமும் அணிந்த ஒரு முதிய காவல்காரர் இடுப்பை வளைத்து வரவேற்றார். படி ஈரமாக இருந்தது. "பரிஸ்ஸமின் சேர்," என்று, கவனமாக வரச் சொல்லி, கையைத் தாழ்த்திப் படியைக் காட்டினார்.

அலோசியஸின் தலை அப்போது நன்றாக நிமிர்ந்திருந்தது. பங்களா கட்டிய ஆண்டைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்த தலைக்கும் பாதத்துக்கும் இடையே நிறையத் தூரம். அங்கே நடப்பது இங்கே தெரிவதில்லை. பங்களாவின் முன்படியை ஒரு கை தாழ்ந்து காட்டுகிறது. கால்கள் அதைப் புரிந்துகொண்டன, அவற்றுக்குத் தெரிந்த ஒரே விதத்தில். இடது குதிகாலை வலது நுனி மிதித்தது, வலது குதிகாலை இடது நுனி மிதித்தது, சோடி படிக்குக் கீழே ஓரமாக, ஒட்டி, ஒழுங்காக நின்றது. அதிபர் பேச்சை நிறுத்தாமல் மூன்று படியும் ஏறி, கம்பளத்தில் கால் வைத்தார்.

ஷிராணியும் ஷாமிலாவும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால், செருப்புக் காலைத் தூக்கி வைப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு வந்த சிசிலி மட்டும் கண்டார். வாயைத் திறந்தார். உத்தரவு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. "இங்க வச்சு ஒரு படம். முழுசா. தலையிலருந்து கால் வரைக்கும்," என்று அலோசியஸ் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் ஃபோனைக் கொடுத்தார். அவள் நால்வரையும் வரிசையாக நிற்கவைத்து எடுத்தாள். கம்பளத்தின் மெத்துக்காகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்கும் வெள்ளைக்காரர்களை நிறையப் பார்த்தவள் அவள், ஒன்றும் நினைக்கவில்லை. அலோசியஸ் படத்தில் தன் முகத்தையும் டையையும் மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. 'தந்தை பூ வளர்த்த மாளிகையில், தலைநிமிர்ந்து ஒரு மாலை' என்று எழுதிப் பாடசாலை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினார். பங்களா வைஃபை வேலை செய்தது. பிறகு, விருந்தில் ஃபோன் பார்ப்பது நாகரிகமில்லை என்று காணொளிக்காரி சொன்னது நினைவுக்கு வர, அதை அணைத்துப் பைக்குள் போட்டார்.

கண்ணாடிச் சன்னலோரம் மேசை. வெளியே ரோசாச் செடிகள். வெள்ளைக் கையுறை போட்ட முத்துலிங்கம் என்ற பரிமாறுபவர் வந்து, பட்டிப்பொலப் பக்கத்துத் தமிழை ஆங்கிலத்துக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, தேநீர் வகைகளைச் சொன்னார். தடித்த அட்டையில் அவற்றின் பெருமையும் அச்சாகியிருந்தது. ஷாமிலா வாசித்தாள்.

"என்ன போட்டிருக்கு?" சிசிலி அவள் காதில் கேட்டார். தம்பியிடம்தான் பேசக் கூடாது. மருமகளிடம் பேசத் தடையில்லை.

"புன்னகை மாறாத மங்கையர் கைகளால் பறிச்சதாம் அத்தை."

"மலையில கால்ல அட்டை கடிக்கிறப்பவுமா?"

ஷிராணிக்குப் புரையேறியது. அலோசியஸ் மேசைக்குக் குறுக்கே ஒரு பார்வை பார்த்தார், அது ஏழாம் வகுப்பை அமைதியாக்கும் பார்வை. அதே வேகத்தில் முகத்தை மாற்றிப் பக்கத்து மேசைக்குப் புன்னகைத்தார். அங்கே முத்துமாலை போட்ட ஒரு கொழும்பு அம்மா, பத்திரிகைக்குள் காணாமற்போன கணவரோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் கொழும்பிலிருந்தா?" என்றார் அந்த அம்மா. தமிழ்தான், ஆனால் இஸ்திரி போட்ட தமிழ்.

"இல்ல மேடம். எங்களுக்கு இந்த இடம்தான். சின்ன வயசுல நத்தாருக்கெல்லாம் இந்தப் பங்களாவுக்குத்தான் வருவேன்."

"அப்படியா? அப்பா பிளாண்டரா, தோட்டத்துரையா?"

அலோசியஸ் புன்னகைத்தார். புன்னகை பொய்யாகாது என்பது அவருடைய கொள்கை. "அந்தா தெரியுதே ரோசா, அதெல்லாம் அப்பா வச்சதுதான்."

"எவ்வளவு ரசனையுள்ள மனுசன்," என்று அந்த அம்மா சன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இப்ப இருக்கிற துரைமாருக்கு அது எங்க இருக்கு."

ஷாமிலா அப்பாவைப் பார்த்தாள். அலோசியஸ் கீழ்த்தட்டுச் சான்ட்விச்சைப் பார்த்தார். தேநீர் வந்தது. நல்ல தேநீர். சிசிலி சீனியைக் கோப்பையில் போட்டு, சத்தமில்லாமல் கலக்கி, இனிப்பு எங்கே என்று தேடியபடி குடித்தார். எல்லாம் காணொளியில் உள்ளபடியே நடந்தது. அலோசியஸ் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மேசைக்கடியில் வசதியாக நீட்டினார். மேசையின் இரும்புக் கால் பாதத்தில் பட்டது. ஜில்லென்றிருந்தது.

சப்பாத்துப் போட்ட காலுக்கு இரும்பு ஜில்லென்று தெரியக் கூடாது.

அவர் மற்ற காலால் தடவிப் பார்த்தார். மெதுவாக மேசைத்துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஷிராணி பக்கம் சாய்ந்தார்.

"சப்பாத்து எங்க?"

"எது?"

"என் சப்பாத்து."

"கால்ல."

"கால்ல இல்ல."

ஷிராணி துணியைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் கணவனை விட்டுவிட்டுச் சிசிலியைப் பார்த்தாள், ஏனென்றால் சிசிலி அப்போது தன் தட்டை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க கண்டீங்களா?" என்றார் அலோசியஸ், உதடு அசையாமல்.

சிசிலி தலையாட்டினார்.

"எங்க?"

சிசிலி வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, கையைத் தாழ்த்தி மூன்று படி இறக்கினார்.

"ஏன் சொல்லல்ல?"

சிசிலி ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

ஷாமிலா கைலேஞ்சிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அந்தக் கணத்தில் அது வெறும் சிரிப்புத்தான். வீட்டில் பல வருடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய, அப்பாவும் கடைசியில் சேர்ந்து சிரித்துவிடக்கூடிய ஒன்று. "இருங்கப்பா, நான் போய் எடுத்துட்டு வர்றேன்," என்று அவள் கதிரையைத் தள்ளினாள். எழும்பவில்லை. முத்துலிங்கம் வந்துகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு வெள்ளித் தட்டு, தட்டில் மடித்த வெள்ளைத் துணி, துணியின்மேல் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து.

முதலில் பக்கத்து மேசைக்குத்தான் போனார். "எக்ஸ்கியூஸ் மீ மேடம். இது வாசல்ல இருந்திச்சு. உங்க சேருடையதுங்களா?"

பத்திரிகை இறங்கி, இரண்டு காலையும் பார்த்து, மறுபடி ஏறியது.

"வாசலிலயா? அங்க எப்படி வந்தது?" என்றார் முத்துமாலை அம்மா.

"தோட்டத்து ஆளுங்க யாராவது வேலையா வந்திருப்பாங்க மேடம். பங்களான்னா படியிலயே கழட்டிருவாங்க, அது அப்பிடியே பழகிப்போச்சு. ஆனா பார்த்தா புதுசா இருக்கு. அதான் கேட்டுப் பார்ப்போமேன்னு."

"ஐயோ பாவம். இன்னுமா அப்படி?" அந்த அம்மா சிரித்தார். முத்துலிங்கமும் சிரித்தார், கையுறை போட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடுத்த மேசைக்கும் நீட்டப்பட்டது. அலோசியஸ் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அவரும் சிரித்தார்.

"சேர், உங்களுதுங்களா?"

ஒரு சொல் போதும். 'என்னுது.' அலோசியஸ் எத்தனையோ மேடைகளில், நாம் யார் என்பதைச் சொல்ல நாம் கூசக் கூடாது என்று மேசையைக் குத்திப் பேசியிருக்கிறார். கைதட்டலும் வாங்கியிருக்கிறார். ஆனால் அந்த மேடைகளில் எதிரே முத்துமாலை அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே ரோசா வைத்த பிளாண்டர் அப்பா நின்றிருக்கவில்லை. மேசைத்துணிக்கடியில் பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒளிந்துகொண்டன.

"இல்ல. எங்களுது இல்ல," என்றார்.

ஷாமிலாவின் சிரிப்பு நின்றது. ஷிராணி மேல்தட்டுக் கேக்கின் செர்ரிப்பழத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள், இரண்டை நான்காக வெட்டினாள். முத்துலிங்கம் தட்டோடு திரும்பினார்.

"எனக்குத்தான் தம்பி. இங்க குடுங்க."

சிசிலி கையை நீட்டிக்கொண்டிருந்தார். முத்துலிங்கம் சப்பாத்தைப் பார்த்தார், சிசிலியின் காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"அம்மாவுக்குங்களா?"

"மகனுக்கு வாங்குனது. கை மறதியா படியில வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் சப்பாத்தை எடுத்து, அடிப்பாகத்தைத் தன் முந்தானையால் ஒருதரம் துடைத்து, துணிப்பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பேசிவிட்ட குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோலத் தம்பியைப் பார்த்தார். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முத்துமாலை அம்மா அவர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்: உங்கள் வீட்டு வேலைக்காரியா?

மறுக்க வேண்டுமென்றால் நிறையச் சொற்கள் வேண்டியிருந்தன. அக்கா என்று சொல்ல வேண்டும். அக்கா என்றால் எந்த லயம் என்று வரும், லயம் என்றால் ரோசா வரும், ரோசாவிலிருந்து நேராகச் சப்பாத்துக்கு வரும். தலையை ஆட்டுவதற்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

அலோசியஸ் தலையை ஆட்டினார்.

"ஒரே மேசையில உட்கார வச்சிருக்கிறீங்க," என்றார் அந்த அம்மா, இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில். "எல்லாருக்கும் அந்த மனசு வராது."

ஷாமிலாவின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவள் தாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "அத்தை, இந்தக் கேக்கச் சாப்பிடுங்க அத்தை. அத்தை, உங்களுக்கு இன்னும் தேத்தண்ணி ஊத்தவா அத்தை? குளிருதா அத்தை, என் ஸ்வெட்டரப் போட்டுக்கிறீங்களா அத்தை?" ஒவ்வொரு அத்தையும் பக்கத்து மேசைவரை போய் விழுந்தது. அலோசியஸின் காது மடல் சுட்டது. இப்போது உடையும், இதோ உடையும் என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். உடைந்தால்கூட நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

முத்துமாலை அம்மா மெய்சிலிர்த்துப் போனார். "பிள்ளையை என்ன மாதிரி வளர்த்திருக்கிறீங்க. வேலைக்காரியைக்கூட அத்தை என்று கூப்பிடுது பாருங்க," என்று பத்திரிகையைத் தட்டிக் கணவருக்குக் காட்டினார்.

ஷாமிலா அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவில்லை. அலோசியஸ் மேல்தட்டு வரை சாப்பிட்டார். காணொளியில் சொன்ன ஒழுங்கு ஒன்றும் தவறவில்லை. வாயில் போட்டது எதுவும் எதைப்போலவும் இல்லை.

அவர்கள் எழும்பிய நேரத்திலேயே பக்கத்து மேசையும் எழும்பியது. அதனால் சப்பாத்தை வாங்கிப் போட வழியில்லாமல் போயிற்று. அது இப்போது வேலைக்காரியின் மகனுடையது. அலோசியஸ் மற்றவர்களுக்கு முன்னால், கிட்டத்தட்ட ஓடி, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். அவர் சபதம் செய்தபடி முன்வாசல்தான். ஈரப் படியில் வழுக்கி, சரளைக் கல்லில் நொண்டி, ஒளிய இடம் தேடி, அப்பாவின் ரோசாச் செடிக்குப் பின்னால் போய் நின்றார். பூவைப் பார்ப்பவர்போல நின்றார். வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. கொழும்புக்காரரின் கார் வருவதற்காக எல்லாரும் படியில் காத்து நிற்பது அவருக்குத் தெரிந்தது, பேசுவதும் கேட்டது.

"எவ்வளவு காலமா இவங்களோட இருக்கிறீங்க?" முத்துமாலை அம்மா சிசிலியைக் கேட்டார்.

"அவன் பொறந்ததுலருந்துங்க."

"அப்ப தூக்கி வளர்த்ததே நீங்கதானா?"

"ஆமாங்க. இடுப்புல வச்சுத்தான் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு போயி விடுவேன். விட்டுட்டு மலைக்குப் போவேன். ஒரே அழுக. எந்நேரமும் தூக்கியே வச்சிருக்கணும் அவன."

"இப்ப எப்படி, நல்லாப் பார்க்கிறாரா?"

சிசிலி கொஞ்சம் யோசித்தார். "பார்ப்பான்," என்றார்.

"இந்த மாதிரி விசுவாசமான ஆக்கள் இப்ப எங்க கிடைக்குது," என்று அந்த அம்மா காரில் ஏறினார். கார் போனதும் ஷிராணியும் ஷாமிலாவும் செடியைக் கடந்து போனார்கள். இருவரும் செடிக்குப் பின்னால் யாரும் நிற்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காவல்காரர் மட்டும் படியிலிருந்து அதிபரின் பாதத்தை ஒரு பார்வை பார்த்து, இடுப்பை வளைத்தார்.

வேனில் ஏறும்போது சரிபுதீன் கேட்டார்: "என்ன சேர், சப்பாத்து?"

ஷிராணி கதவை இழுத்துச் சாத்தினாள். வேன் புறப்பட்டது. தேயிலை இரண்டு பக்கமும் மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சிசிலி துணிப்பையை அவிழ்த்துச் சப்பாத்தை எடுத்து, தம்பியின் மடியில் வைத்தார்.

"மேஸக் கழட்டிட்டுப் போட்டுக்க. ஈரத்தோட இருந்தா உனக்கு உடனே சளி பிடிச்சிரும்."

"அக்கா," என்றார் அலோசியஸ். குரலில் அதிபர் இல்லை. "அந்த அம்மா எங்கிட்டக் கேட்டாங்கல்ல, நான் அப்ப வந்து..."

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதுடா," என்றார் சிசிலி. "உள்ள என்ன நடந்தாலும் வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்னுதானே சொன்ன. வீடு வரட்டும்."

முன் இருக்கையில் ஷாமிலா சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். ஷிராணி, கேக் நல்லா இருந்துச்சு என்று பொதுவாகச் சொன்னாள். அலோசியஸ் சப்பாத்தைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஏதாவது செய்ய வேண்டியிருந்ததால் ஃபோனை எடுத்துத் திறந்தார். பிரதான வீதிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஆசிரியர் குழுவின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வாழ்த்துகள். கூப்பிய கைகள். 'சேர், மாப்பிள்ளை மாதிரி.' உப அதிபர் ஒரு ரோசாப்பூ போட்டிருந்தார். அதற்குக் கீழே, விளையாட்டு ஆசிரியர் ஜூட்சன் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: 'சேர், அங்க உள்ள போறதுக்குச் சப்பாத்துக் கழட்டணுமா?'

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அலோசியஸ் படத்தைத் திறந்தார். இந்த முறை முகத்தைப் பெரிதாக்கவில்லை. விரலால் மெல்லக் கீழே இறக்கினார். ஷிராணிக்குக் குதி உயர்ந்த செருப்பு. ஷாமிலாவுக்குச் சப்பாத்து. சிசிலிக்கு ரப்பர் செருப்பு, தம்பி சொன்னபடி கழற்றாமல்.

அவருடைய வலது காலுறையில் ஓட்டை இருந்தது. பெருவிரல் வெளியே தெரிந்தது.